இயைபுக்கு இணங்காத உணவு

1943ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் நகரின் வாய்க்காற்கரை வணிகமனை ஒன்றின் பின்கட்டில், பதினான்கு வயது நிறைந்த தம் இளைய மகளுக்குத் தந்தை ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துப்பா ஒன்றை எழுதி அளித்தார். கடந்த ஆண்டின் நிகழ்ச்சிகளைத் தொகுத்துக் கூறி, அன்பும் அறிவுரையும் சிறிது கேலியும் கலந்து பாடுவது அத்தகைய பாக்களின் இயல்பு. தந்தைக்கு ஜெர்மன் மொழியில்தான் பாப்புனைய வரும். மகளோ டச்சு மொழியில் எழுதியும் எண்ணியும் வளர்ந்தவள். ஆதலின் மூத்த மகள் அப்பாவினை டச்சு மொழியிற் பெயர்க்க முன்வந்தாள்.

ஐரோப்பியச் செய்யுளில் அடிகளின் இறுதி ஒலி ஒன்றிவருதல் பெருவழக்கு. தமிழ் யாப்பு இயைபுத் தொடை என்று பெயரிட்டு வைத்திருப்பது அதனையே. மொழிபெயர்த்த தமக்கை பெரும்பகுதியை இயைபு கெடாமற் கொண்டுவந்துவிட்டாள். உணவைப் பற்றிய ஒரு பகுதி மட்டும் அவளுக்கு இணங்கவில்லை. எனவே தங்கை அப்பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சிய பாவினைத் தன் நாட்குறிப்பிற் படியெடுத்துக்கொண்டாள். நீக்கிய செய்தியையும், நீக்கியதன் காரணத்தையும் மறைக்காமல் அங்கேயே எழுதி வைத்தாள்.

அச்சிறுமி ஆன் பிராங்க். தமக்கை மார்கட். தந்தை ஓட்டோ பிராங்க். உலக மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்ட அந்நாட்குறிப்பைப் படிப்போர், அதில் போரின் கொடுமையையும் இளமையின் தவிப்பையும் கண்டு நெகிழ்வர். அதனுள் ஒரு சமையற்கட்டின் கணக்கும் அடங்கியிருப்பதைப் பலர் விரைந்து கடந்துவிடுவர். எட்டுப் பேர் ஈராண்டுக்கு மேல் வெளியுலகம் அறியாமல் உண்டு உயிர்த்திருந்த அவ்விடத்தில், பதின்வயதினர் மூவர் இருந்தனர். அவர்களுடைய பிறந்தநாட்களுக்கு யார், எதை, எவ்வாறு தேடிக் கொணர்ந்தனர் என்பதைத் தொடர்ந்து பார்த்தால், அவ்வாழ்த்துப்பாவில் விடுபட்ட பகுதியின் பொருளை வரலாறு ஓரளவேனும் நிரப்பித் தருகிறது.

பதின்மூன்று

ஆன் பிராங்க் 1929ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தாள். 1933இல் இட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபின் யூதக் குடும்பமான பிராங்க் குடும்பம் நெதர்லாந்துக்குப் பெயர்ந்தது. ஓட்டோ பிராங்க் அங்கு ஓபெக்டா என்னும் நிறுவனத்தை நடத்தினார். பழப்பாகினை உறையச் செய்யும் பெக்டின் என்னும் பொருளை இல்லத்தரசியர்க்கு விற்பது அதன் தொழில். 1938இல் மசாலைப் பொருள்களுக்கென மற்றொரு நிறுவனமும் தொடங்கப்பட்டது. இறைச்சிக்குரிய மசாலைகளை நன்கறிந்த ஹெர்மன் வான் பெல்ஸ் அதிற் சேர்ந்தார். பிற்காலத்தில் உணவுக்கு அல்லலுற்ற இவ்விரு குடும்பங்களும் உணவு தொடர்பான தொழிலாலேயே பிழைத்தவை என்பது கருதத்தக்கது.

நெதர்லாந்தில் போர் நுழையுமுன்பே, 1939 அக்டோபரில், சர்க்கரை பங்கீட்டுக்கு உட்பட்டது. 1940 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நாட்டைக் கைப்பற்றியபின் ரொட்டி, காபி, தேயிலை எனப் பங்கீட்டுப் பட்டியல் நீண்டுகொண்டே சென்றது. யூதர்க்கு இவற்றோடு வேறு தளைகளும் பூட்டப்பட்டன. 1941 ஜனவரியில் திரையரங்குகள் அவர்களுக்கு மூடப்பட்டன. அவ்வாண்டு கோடை விடுமுறைக்குப் பின் யூதப் பிள்ளைகள் தனிப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டனர். 1942 மே மாதம் முதல் ஆடையின்மேல் மஞ்சள் விண்மீன் அணிய வேண்டியதாயிற்று.

இத்தகைய காலத்திலேதான் 1942 ஜூன் 12, வெள்ளிக்கிழமை, ஆனின் பதின்மூன்றாம் பிறந்தநாள் வந்தது. அன்று அவள் பெற்ற பரிசுகளுள் புகழ்பெற்றது, சிவப்பும் வெள்ளையும் கட்டமிட்ட உறையையுடைய அந்நாட்குறிப்பேடு. அதனருகே மேசையின்மேல் இருந்த தின்பண்டங்களை உலகம் மறந்துவிட்டது. தாய் ஈடித் தம் கையாற் செய்த ஸ்ட்ராபெர்ரிப் பண்டம் ஒன்று இருந்தது. வீட்டிற் சுட்ட பிஸ்கட்டுகளும் இனிப்புகளும் இருந்தன. திராட்சைச் சாறு ஒரு புட்டி இருந்தது. மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் சீட்டுக்கு அளந்து தரப்பட்ட காலத்தில் அம்மேசையை நிரப்புவது ஒருநாள் வேலையாக இருந்திருக்க இயலாது.

அன்று பள்ளியில் இடைவேளையின்போது ஆன் தன் ஆசிரியர்க்கும் வகுப்புத் தோழர்க்கும் பிஸ்கட்டுகளைப் பகிர்ந்தளித்தாள். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை பிறர்க்கு வழங்க வேண்டும் என்பது டச்சுப் பள்ளிகளின் வழக்கம். பிறந்தநாளன்று வகுப்பில் மிட்டாய் வழங்கி மகிழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதியதன்று. ஞாயிறு பிற்பகல் வீட்டில் தோழர்க்கு விருந்து நடந்தது. திரையரங்கிற்குள் நுழையத் தடையிருந்தமையால் திரைப்படம் வீட்டிற்கே வந்தது. ரின் டின் டின் என்னும் நாய் நடித்த படத்தைப் பிள்ளைகள் கூடியிருந்து கண்டு களித்தனர்.

விருந்தினரை அழைத்து, இலையென்றோ தட்டென்றோ இட்டுப் பரிமாறிக் கொண்டாடப்பட்ட அவளுடைய கடைசிப் பிறந்தநாள் அதுவே. அதன்பின் இருபத்து நான்காம் நாள் அக்குடும்பம் தலைமறைவாயிற்று.

பதினாறு

1942 ஜூலை 5ஆம் நாள், பதினாறு வயதினளான மார்கட்டுக்கு, ஜெர்மனியில் வேலைக்கு வந்து சேருமாறு அழைப்பாணை வந்தது. பதினாறு வயது நிறைந்தோரே அவ்வழைப்புக்கு முதலில் உரியவராயினர். பிற நாடுகளிற் பதினாறாம் பிறந்தநாள் பருவத்தின் வாயிலாகக் கொண்டாடப்படுகையில், ஆம்ஸ்டர்டாமின் யூத இளைஞர்க்கு அது நாடுகடத்தலின் வாயிலாக மாற்றப்பட்டது. மறுநாளே பிராங்க் குடும்பம், பிரின்சன்கிராக்ட் வாய்க்காற்கரையில் 263ஆம் எண்ணுள்ள தம் அலுவலக மனையின் பின்கட்டில் அடைக்கலம் புகுந்தது. ஒரு வாரம் கழித்து வான் பெல்ஸ் குடும்பத்தார் மூவரும், நவம்பர் 16ஆம் நாள் பல்மருத்துவர் ஃப்ரிட்ஸ் ஃபெஃபரும் வந்து சேர்ந்தனர்.

மறைவிடத்திற் பதின்வயதினர்க்கு வந்த முதற் பிறந்தநாள் பீட்டர் வான் பெல்ஸினுடையது. 1942 நவம்பர் 8ஆம் நாள் அவனுக்குப் பதினாறு வயது நிறைந்தது. பகடையிட்டு ஆடும் வணிக விளையாட்டுப் பலகை ஒன்றும், முகம் மழிக்கும் கருவி ஒன்றும், சிகரெட் பற்றவைக்கும் கருவி ஒன்றும் அவனுக்குப் பரிசாயின. ஆண்மகனாகிவிட்டான் என்பதற்கு அடையாளமான பொருள்கள் அவை. வெளியிற் சென்றிருந்தால் அவ்வயதே அவனைப் பிடித்துக் கொடுத்திருக்கும்.

ஆன் அதற்கு மறுநாள் எழுதிய குறிப்பு, பரிசுகளுக்கு அடுத்துப் பேசுவது விருந்தையன்று, இருப்பையே. ஏழு பேருக்குக் குளிர்காலத்தைக் கடக்க என்ன இருக்கிறது என்னும் கணக்கு அது. ஏறத்தாழ நூறு தகரப்பெட்டி உணவுகள் சேமிப்பில் இருந்தன. பங்கீட்டு அட்டைகள் கள்ளச் சந்தையில் வாங்கப்பட்டன. அவற்றின் விலை 27 கில்டரிலிருந்து 33 கில்டராக ஏறிவிட்டிருந்தது. நெடுநாள் கெடாத உணவாக ஏறத்தாழ 135 கிலோ பயறு ஆறு மூட்டைகளில் வாங்கப்பட்டிருந்தது. அது மறைந்திருந்தோர்க்கு மட்டுமன்றி, அவர்களைக் காத்த அலுவலகத்தார்க்கும் உரியது.

அம்மூட்டைகள் வாயிலருகே கொக்கிகளில் தொங்கின. பளுவினால் தையல் பிரியத் தொடங்கவே, அவற்றைப் பரணுக்கு ஏற்றும் பணி, வீட்டில் வலுவுள்ள இளைஞனான பீட்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐந்து மூட்டைகள் நலமாய் ஏறின. ஆறாவது மூட்டை நடுவழியிற் பிரிந்து, இருபது கிலோவுக்கு மேற்பட்ட செம்பழுப்புப் பயறு மாடிப்படிகளில் ஆலங்கட்டி மழையெனக் கொட்டியது. அடியில் நின்ற ஆனின் கணுக்கால்வரை பயறு சூழ்ந்தது. கீழே இருந்தோர் வீடே இடிந்து விழுந்ததென நடுங்கினர். திகைத்து நின்ற பீட்டர், அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அதன்பின் படியேறும் ஒவ்வொருவரும் குனிந்து மூலை முடுக்குகளிற் பயறு பொறுக்கி, பீட்டரின் தாயிடம் கைப்பிடியளவு கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமாயிற்று.

நகைச்சுவையாக அவள் எழுதிய இந்நிகழ்ச்சியில் அச்சமும் கலந்திருக்கிறது. பகல் வேளையிற் கிடங்கிற் பணிபுரிவோர் காதில் விழுந்தால் உயிருக்கே கேடு விளையும். ஓசையின்றி நடந்து, ஓசையின்றிப் பாத்திரம் துலக்கி வாழ்ந்த வீட்டில், உணவே பேரொலி எழுப்பிய கணம் அது.

சீட்டும் கூடையும்

வெளிப்பார்வைக்கு இல்லாதோர்க்குப் பங்கீட்டில் இடமில்லை. அவர்கள் உண்ண வேண்டுமெனில், வெளியிலிருப்போர் தம் பங்குக்கு மேலாக வாங்க வேண்டும். அவ்வாறு வாங்குவதும் எவர் கண்ணிலும் படாதிருக்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்றோர் அலுவலகப் பணியாளர்களான மீப் கீஸ், பெப் வோஸ்குய்ல், யோஹனஸ் கிளைமன், விக்டர் குக்லர் ஆகியோரும், மீப்பின் கணவர் யான் கீஸும் ஆவர்.

யான் கீஸ், நாசி ஆட்சியை எதிர்த்த மறைமுக இயக்கத்தாரின் தொடர்பால் பங்கீட்டுச் சீட்டுகளைப் பெற்று வந்தார். கிளைமனின் நண்பரான ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி அனுப்பினார். வான் பெல்ஸுக்கு முன்பே பழக்கமான இறைச்சிக் கடைக்காரர் ஒருவர், மீப்பின் கூடையைப் பார்த்துக் கேள்வி கேளாமல் இறைச்சி தந்தார். பாலைக் கொணர்வது பெப்பின் பணி. அருகிருந்த காய்கறிக் கடையை நடத்திய ஹென்ட்ரிக் வான் ஹூவ, ஓர் இளம்பெண் நாள்தோறும் அத்துணைக் காய்கறிகள் வாங்குவதன் பொருளை உய்த்துணர்ந்தும், வாய்திறந்து ஒன்றும் வினவாமல், அவளுக்கென எடுத்து வைக்கலானார்.

இவ்வுதவிகளுள் எதுவும் ஒருநாட் கொடையன்று. ஒவ்வொரு நாளும் எட்டு வயிற்றுக்குத் திட்டமிட வேண்டியிருந்தது. அதற்கிடையே யாருடைய பிறந்தநாள் எந்நாள் என்பதை மறவாது, அந்நாளுக்கென ஒரு பிடி சர்க்கரையையோ ஒரு துண்டுப் பண்டத்தையோ தனியே ஒதுக்க வேண்டியிருந்தது. திருமண வீட்டிற்கும் திருவிழாவிற்கும் சமையல் திட்டமிடுவோர் மிகுதியைக் கணக்கிடுவர். இவர்கள் குறைவைக் கணக்கிட்டு, அக்குறைவினுள்ளும் ஒரு சிறப்பை நிறுத்த முயன்றவர்கள்.

பதினான்கு

1943 ஜூன் 12ஆம் நாள் எழுந்த வாழ்த்துப்பா இச்சூழலிற் பிறந்ததே. ஓராண்டில் மகள் வளர்ந்துவிட்டாள். உடைகள் குறுகிவிட்டன. காலணிகள் விரலை நெருக்கின. புதியன வாங்க வழியில்லை. ஆடை சிறுத்தது பாவிற்குள் வந்துவிட்டது. உணவு வர மறுத்தது.

அன்று அவளுக்குக் கிடைத்தவற்றுள், அவள் பெரிதும் விரும்பிய கிரேக்க, உரோமானியத் தொன்மக் கதைகள் பற்றிய பெருநூல் ஒன்றும் இருந்தது. இனிப்புகளும் குறைவின்றிக் கிடைத்தன. அவை வந்த வழியையும் ஆன் குறித்திருக்கிறாள்: ஒவ்வொருவரும் தத்தம் கடைசிச் சேமிப்பிலிருந்து எடுத்துத் தந்தனர். அவ்வீட்டின் கடைக்குட்டி என்பதால் தகுதிக்கு மேலாகவே பெற்றதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

கடைசிச் சேமிப்பு என்னும் சொல்லில் ஒரு வீட்டின் பொருளியல் முழுதும் அடங்கியிருக்கிறது. அவ்வெண்மரிடையே வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் சச்சரவுகள் எழுந்ததை நாட்குறிப்பே பலவிடங்களிற் சொல்கிறது. யார் தட்டில் எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் கண்ணால் அளந்தனர். அவ்வாறு அளந்து வாழ்ந்தவர்களே ஒருநாள் காலையிற் பெட்டியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த இனிப்பை எடுத்துக் கொடுத்தனர். அவர்கள் துறவியர் அல்லர். பசியும் பொறாமையும் உடைய எளிய மனிதர். அதனாலேயே அக்கொடைக்குப் பெருமதிப்பு உண்டு.

அவ்வாண்டுக் குளிர்காலத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1943ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்கு மீப் ஒரு கேக் செய்து, அதன்மேல் 1944இல் அமைதி மலரட்டும் என்னும் பொருள்பட எழுதிக் கொணர்ந்தார். பெப் தந்த பிஸ்கட்டுகள் போருக்கு முந்திய தரத்தில் இருந்தன. பெரியவர்களுக்கு ஆளுக்கொரு புட்டி பீர். பீட்டர், மார்கட், ஆன் மூவர்க்கும் தயிர். வளரும் உடலுக்குப் பால்பொருள் வேண்டும் என்பதை மறவாத கையொன்று அப்பங்கீட்டின் பின்னே இருந்தது.

பதினெட்டு

1944 பிப்ரவரி 16ஆம் நாள் மார்கட்டுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. அமைதியானவள், நன்கு கற்றவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி உலகம் அறிந்தது குறைவு. அவளும் ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தாள் என்பது தங்கையின் எழுத்தால் தெரிகிறது. அது கிடைக்கவில்லை.

அன்றைய கொண்டாட்டத்தைத் தங்கையின் வரிகளில்தான் காண வேண்டியிருக்கிறது. நண்பகலில் பீட்டர் வந்து பரிசுகளைப் பார்த்து, வழக்கத்தினும் நெடுநேரம் பேசியிருந்தான். பிற்பகலில் ஆன் தானே சென்று காபி கொணர்ந்தாள். பின்னர்ப் பரணுக்கு ஏறி உருளைக்கிழங்கு எடுத்து வந்தாள். ஆண்டுக்கு ஒருநாளேனும் தமக்கை வேலையின்றி இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். பரணுக்குப் போகும் வழி பீட்டரின் அறையினூடே செல்வதால், அவனோடு பேசும் வாய்ப்பும் அவளுக்குக் கிட்டியது என்பதை நாட்குறிப்பு மறைக்கவில்லை.

இளமகள் ஒருத்தி பதினெட்டாண்டு நிறைந்த நாளில் அவளுக்கு அளிக்கப்பட்ட பெருஞ்சிறப்பு, உருளைக்கிழங்கு எடுக்கும் முறையிலிருந்து ஒருநாள் விடுதலை. வாங்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது, உழைப்பை வாங்கிக்கொள்வதே பரிசாகிறது. விருந்தின் வரலாற்றை எழுதுவோர் உண்டவற்றைப் பட்டியலிடுவர். சுமந்தவரைக் குறிப்பது அரிது. ஆன் சுமந்ததைக் குறித்தாள்.

பதினைந்து

மார்கட்டின் பிறந்தநாளுக்குப் பின் ஒரு மாதம் கழியுமுன்பே நெருக்கடி முற்றியது. 1944 மார்ச் நடுவில், பங்கீட்டுச் சீட்டுகளைத் திரட்டித் தந்தவர்கள் கைது செய்யப்பட்டனர். ஐந்து அட்டைகளே எஞ்சின. கொழுப்போ வெண்ணெயோ இல்லை. காலையில் வறுத்த உருளைக்கிழங்கிற்கு மாற்றாகக் கஞ்சி வந்தது. ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் ஊறிய கீரையின் நாற்றத்தைத் தாங்க மாட்டாமல், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டதை ஆன் எழுதியிருக்கிறாள். ஏப்ரல் மாதக் குறிப்பொன்றில் மறைவிடத்தின் உணவு வரலாற்றையே அவள் பருவங்களாகப் பிரித்துக் காட்டுகிறாள். ஒரு காலம் முழுதும் ஒரே காய், அல்லது ஒரே கீரை. அது முடிந்தால் அடுத்த காலம் மற்றொன்று. புளிக்கவைத்த முட்டைக்கோசு இருவேளையும் தொடர்ந்த காலமும் அவற்றுள் ஒன்று.

மே 25ஆம் நாள் காய்கறிக் கடைக்காரர் வான் ஹூவ கைதானார். தம் வீட்டில் யூதர் இருவரை அவரும் மறைத்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. வதைமுகாம்களின் கொடுமைகளைக் கடந்து அவர் பின்னர் உயிர்தப்பினார். மறைவிடத்தாரின் உணவு அன்றே குறைக்கப்பட்டது. காலை உணவை விட்டுவிடுவது, நண்பகலிற் கஞ்சியும் ரொட்டியும், இரவில் உருளைக்கிழங்கு, வாரத்தில் ஒன்றிரண்டு முறை காய்கறி என்பது புதிய திட்டம். பசி வரும், ஆயினும் பிடிபடுவதைவிடப் பசி மேல் என்று அவர்கள் தேறினர்.

இது நிகழ்ந்த பதினெட்டாம் நாள் ஆனின் பதினைந்தாம் பிறந்தநாள் வந்தது. அதற்கு ஆறு நாள் முன்னர்த்தான் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியிருந்தன. நம்பிக்கை பெருகியிருந்தது, சரக்கு அறை சுருங்கியிருந்தது. அந்நாளிற் கிடைத்தவற்றை அவள் மறுநாள் பட்டியலிட்டாள். கலை வரலாற்று நூல் ஐந்து தொகுதிகள், பெற்றோர் தந்த தாவர நூல், உள்ளாடை, இடைவார்கள், கைக்குட்டை, தமக்கை தந்த கைவளை ஆகியவற்றினிடையே உணவுப் பொருள்கள் இடம்பெறுகின்றன: இரண்டு புட்டி தயிர். ஒரு புட்டி பழப்பாகு. சிறிய தேன் பிஸ்கட் இரண்டு. ஃபெஃபர் தந்த பயோமால்ட் என்னும் சத்துணவு. மீப் தந்த இனிப்பு. பெப் தந்த இனிப்பும் எழுதுவதற்கு ஏடுகளும். குக்லர் தந்த மரியா தெரேசா வரலாற்று நூலும், அதனோடு கொழுப்பு நீக்காத பாலிற் செய்த பாலாடைக்கட்டி மூன்று துண்டுகளும்.

தேன் பிஸ்கட் சிறியவை என்பதை அவள் அடைப்புக்குறிக்குள் இட்டுக் குறித்தாள். பாலாடைக்கட்டியைத் துண்டு எண்ணிக் குறித்தாள். நூல்களை எண்ணும் அதே நேர்மையுடன் தின்பண்டத்தையும் எண்ணினாள். குக்லர் தந்தவற்றைத் தன் பரிசுகளின் உச்சமெனக் கொண்டபோது, நூலையும் பாலாடைக்கட்டியையும் ஒரே தொடரில் வைத்தாள். எழுத்தாளராக வேண்டும் என்று முடிவு செய்திருந்த பெண் அவள். அவளுக்கு அறிவுக்குரியதும் வயிற்றுக்குரியதும் வெவ்வேறு வரிசையில் நிற்கவில்லை. பீட்டரோ தக்க பரிசு தேடி அலைந்தும் ஒன்றும் வாய்க்காமல், பியோனி மலர்க்கொத்து ஒன்றைத் தந்தான்.

அப்பட்டியலின் ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு வழி உண்டு. கடைக்காரர் சிறையிலிருந்த காலத்தில் இரண்டு புட்டி தயிர் எங்கோ கிடைத்து, ஒரு கூடையில் மறைந்து, கிடங்குப் பணியாளர் கண்ணிற் படாமல், நூலடுக்குக் கதவின் பின்னுள்ள செங்குத்தான படியேறி, அந்தக் காலைநேரத்து மேசைக்கு வந்தது. பெற்றோர், நண்பர், காவலர் அனைவரும் சேர்ந்து, ஒரு பெண் பதினைந்து ஆனாள் என்பதை மறுக்க முடியாதபடி நிறுவிய சான்று அம்மேசை. ஆட்சியாளர் ஏட்டில் அவள் பிடிக்கப்பட வேண்டிய எண். அம்மேசையின்முன் அவள் ஓராண்டு வளர்ந்த மகள்.

கோடையின் முடிவு

ஜூலைத் தொடக்கத்தில், அலுவலகத்தைச் சேர்ந்த விற்பனையாளர் ஒருவர் பெவர்வேக் ஊரின் ஏலச்சந்தையிலிருந்து ஸ்ட்ராபெர்ரிப் பழங்களை அனுப்பினார். புழுதியும் மணலும் படிந்த இருபத்து நான்கு தட்டுகள் வந்து இறங்கின. கதவை அடைத்து, காம்பு கிள்ளி, கழுவி, அன்று மாலையே பழப்பாகு காய்ச்சப்பட்டது. பெக்டின் விற்ற மனையில் வேறெதற்குக் குறைவிருப்பினும் பாகு காய்ச்சும் கலைக்குக் குறைவில்லை. இரண்டு நாட்களுக்குக் கஞ்சியோடும் மோரோடும் ரொட்டியோடும் அவர்கள் ஸ்ட்ராபெர்ரியே உண்டனர். பதின்மூன்றாம் பிறந்தநாள் மேசையில் தாய் ஒரு பண்டமாகச் செய்து வைத்த பழம், அவர்களின் இறுதிக் கோடையிற் கூடைகூடையாக வந்தது.

1944 ஆகஸ்ட் 4ஆம் நாள் மறைவிடம் கண்டுபிடிக்கப்பட்டு எண்மரும் கைதாயினர். கிளைமனும் குக்லரும் உடன் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் இருவரும் போர்முடிவில் உயிருடன் இருந்தனர். செப்டம்பர் 3ஆம் நாள் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டியில் எண்மரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு வந்திறங்கிய பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிற் பெரும்பாலோர் உடனே நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டனர். ஆன் பதினைந்தைக் கடந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. மூன்று துண்டுப் பாலாடைக்கட்டியுடன் கொண்டாடப்பட்ட அவ்வெண், அன்று அவளுக்குச் சில மாத வாழ்வைத் தந்தது.

முகாமில் ஈடித் தமக்குக் கிடைத்த ரொட்டியையும் மகள்களுக்கென ஒதுக்கினார் என்று உடனிருந்து மீண்டோர் சாட்சி கூறினர். மகள்களிடமிருந்து பிரிக்கப்பட்ட அவர் 1945 ஜனவரி 6ஆம் நாள் மெலிவுற்று இறந்தார். மார்கட்டும் ஆனும் பெர்கன்-பெல்சன் முகாமில் நோயுற்று மாண்டனர். அது 1945 பிப்ரவரியில் நிகழ்ந்திருக்கலாம் என்பது 2015இல் வெளியான ஆய்வின் முடிவு. பீட்டர் அவ்வாண்டு மே மாதம் மௌட்ஹவுசன் முகாமில் இறந்தான். அவர்களைக் காத்த மீப்பும் பெப்பும் இருந்த ஆம்ஸ்டர்டாமிலும் அக்குளிர்காலத்திற் பஞ்சம் தலைவிரித்தாடியது. மேற்கு நெதர்லாந்து மக்கள் சர்க்கரைக் கிழங்கையும் துலிப் மலர்க் கிழங்கையும் உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர்.

எண்மருள் ஓட்டோ பிராங்க் ஒருவரே மீண்டார். மீப் பொறுக்கி எடுத்துப் பூட்டிவைத்திருந்த தாள்களை அவரிடம் அளித்தார். 1947 ஜூன் 25ஆம் நாள் நாட்குறிப்பு டச்சு மொழியில் நூலாக வெளிவந்தது. தம் வாழ்த்துப்பாவும், மூத்த மகள் செய்த பெயர்ப்பும், உணவுப்பகுதி விடுபட்டதென்னும் இளைய மகளின் குறிப்பும் அந்நூலினுள்ளேயே அமைந்திருப்பதை அத்தந்தை அச்சிற் கண்டார்.

கவிஞர் கூடும் அவைகளில் தொடைநயம் பற்றி எவ்வளவோ பேசப்படுகிறது. இயைபுக்கு வாராத சொல்லை நீக்குவது பாப்புனைவோர் அனைவரும் செய்வதே. மார்கட் செய்ததிற் குறையில்லை. நீக்கியதை நீக்கினேன் என்று எழுதி வைத்த தங்கையின் நேர்மையாலேயே, அங்கே ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது என்பதேனும் தெரியவந்தது. அவ்விடத்திற்கு உரியவர்கள் கூடையுடன் நடந்த மீப்பும், பால் கொணர்ந்த பெப்பும், கேள்வி கேளாத காய்கறிக் கடைக்காரரும், கடைசி இனிப்பை எடுத்துக் கொடுத்த அண்டை அறையினரும். அவர்கள் செய்தவை பயறு ஆறு மூட்டை, தயிர் இரண்டு புட்டி, பாலாடைக்கட்டி மூன்று துண்டு என்னும் எண்ணிக்கையாகவே எஞ்சியிருக்கின்றன. அவை எம்மொழியிலும் பெயர்ப்புக்கு இணங்குவன.